ஸ்குரூ எலும்பைத்தான் தாங்கும்



சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு விபத்து இழப்பீட்டு வழக்குக்காக வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கனத்த ஃபைல் இருக்கும். முதல் தகவல் அறிக்கை, மருந்துக்கடை ரசீது, ஸ்கேன் படம், ஊனம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் சான்றிதழ். இவற்றுக்கு நடுவில் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற தாள். அடிபட்டது முதுகுத்தண்டில் என்றால் அந்தத் தாளில் 'எல்1 பர்ஸ்ட் ஃப்ராக்சர்', 'பெடிக்கிள் ஸ்குரூ', 'ஏசியா பி' என்பது போலச் சில சொற்கள் இருக்கும். ஒரு குடும்பத்தின் வருங்காலமே அந்த இரண்டு மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. வீட்டில் ஒருவருக்காவது அவற்றின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் மக்களுக்குச் சாலை விபத்து தூரத்து விஷயமில்லை. வடக்கே தொப்பூர் கணவாய், தெற்கே நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நெடுஞ்சாலை, கிழக்கே உளுந்தூர்பேட்டை சாலை, மேற்கே கோவை சாலை, இவை போக ஏற்காட்டு மலைப்பாதை. லாரியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் வேறு.

முதலில் எலும்பு வேறு, தண்டுவடம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 33 முள்ளெலும்புகள் அடுக்கி நிற்பது முதுகுத்தண்டு. அதன் உள்ளே மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். மேல்முதுகை விலா எலும்புகள் பிடித்து நிறுத்துகின்றன. இடுப்புப் பகுதியோ வளைந்து கொடுக்கும். விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கிற இடத்தில்தான் அதிகம் உடைகிறது. 'எல்1' என்பது அந்த இடம், இடுப்பின் முதல் முள்ளெலும்பு. 'பர்ஸ்ட்' என்றால் அது நொறுங்கிச் சில்லுகள் பின்னால் தள்ளப்பட்டிருக்கின்றன என்று பொருள். தண்டுவடத்தின் நுனி முடிவதும் ஏறத்தாழ அங்கேதான். எலும்பு உடைந்தும் நரம்பு தப்பியவர்கள் உண்டு. அவர்கள் எழுந்து நடப்பார்கள். நரம்பு நசுங்கியவர்களின் கதை வேறு.

'ஏசியா' என்பது அந்த நசுங்கலின் அளவுகோல். ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, ஆசனவாய் வரை உணர்ச்சியும் இல்லை. பி என்றால் உணர்ச்சி மிச்சமிருக்கிறது, அசைவு இல்லை. ஈ என்றால் இயல்பு நிலை. ஆசனவாய்ப் பகுதியில் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்படக் கூடாது. அங்கே துளி உணர்ச்சி இருந்தாலும் மீட்சிக்கு வாய்ப்பு கூடுகிறது. விபத்து நடந்த முதல் சில நாட்களில் அதிர்ச்சியால் தண்டுவடம் மொத்தமாக மௌனமாகிவிடுவதும் உண்டு. ஆகையால் முதல் நாளே யாரும் இறுதித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எல்லாக் குடும்பங்களும் கேட்பது ஒன்றைத்தான்: "ஆபரேஷன் பண்ணுனா நடந்துருவாருங்களா?"

நேர்மையான பதில் கொஞ்சம் கசப்பானது. எலும்பு அதிகம் நகராமல், நரம்பும் தப்பியிருந்தால், முதுகுக்கு பெல்ட் போட்டு, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே குணப்படுத்த முடியும், கத்தியே வேண்டாம். எலும்பு நிலைகொள்ளாமல் ஆடினால் பின்பக்கமாகத் திறந்து, உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் பெடிக்கிள் ஸ்குரூ இறக்கி, ராடு கொண்டு இணைப்பார்கள். சிலருக்குச் சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்துவிட முடிகிறது. சில்லு நரம்பை அழுத்தினால் அதை நீக்கி இடம் உண்டாக்குவார்கள். முன்பக்கம் முழுக்க நொறுங்கியிருந்தால் அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகக் கூண்டு வைப்பதும் உண்டு. கழுத்தில் அடி என்றால் பெரும்பாலும் தொண்டைப் பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து பிளேட் பொருத்துகிறார்கள். கட்டடத்தில் கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சென்ட்ரிங் போலத்தான் இந்த ஸ்குரூவும் ராடும். எலும்பு ஒட்டிச் சேர மாதக்கணக்கில் ஆகும். புகைபிடித்தால் இன்னும் தாமதமாகும். நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை ஆபரேஷன் நீக்குகிறது, நோயாளியைச் சீக்கிரம் உட்கார வைக்கிறது. நசுங்கிச் செத்த நரம்பை அதனால் உயிர்ப்பிக்க முடியாது.

ஆனால் நேரம் பேசும். கழுத்துத் தண்டுவடக் காயத்தோடு வந்த 313 பேரை வட அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் அந்த ஐந்து படி அளவுகோலில் இரண்டு படியாவது ஏறியிருந்தார்கள். தாமதமானவர்களில் 9 பேர்தான். அந்த 24 மணி நேரத்தின் முதல் சில நிமிடங்கள் மருத்துவர் கையில் இல்லை, சாலையில் நிற்பவர்கள் கையில் இருக்கின்றன. வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால், அடிபட்டவரின் தோளையும் காலையும் பிடித்து இழுத்து ஆட்டோவில் மடக்கிப் போடக் கூடாது. தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஸ்குரூவுக்குப் பிறகு வாழ்க்கை எப்படி அமையும் என்பதைத் தமிழ்நாட்டுக்குச் செய்து காட்டியவர் ஒரு விபத்தில் சிக்கிய டாக்டர்தான். கொச்சிப் பக்கம் பிறந்த மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே பயிற்சியில் இருந்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான வெட்டு. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வயது முப்பதைத் தொடவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷனால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், அந்த வேலையை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவருக்கு வழி காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்யத் தொடங்கினார் மேரி.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய் யார் துணையும் இல்லாமல் தன் வேலைகளைச் செய்துகொள்ளக் கற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த நிலையம் கிருஷ்ணகிரி வழியாகப் போனால் சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். இருந்தும், ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியாவது லட்சங்களைக் கட்டிவிட்டு, அதன் பின்னான பயிற்சிக்குப் பணமும் பொறுமையும் இல்லாமல் நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிடுவது நம் பக்கத்துக் குடும்பங்களில் நடக்கிற பெரிய இழப்பு.

பயிற்சி என்றால் காலை நீட்டி மடக்குவது மட்டுமல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் 1944இல் தொடங்கிய ஸ்டோக் மாண்டவில் தண்டுவடப் பிரிவு இதில் அத்தனை கண்டிப்பாக இருந்தது. முன்னெல்லாம் இந்த நோயாளிகளைக் கொன்றது முதுகுக் காயம் அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். டியூபை நிரந்தரமாக மாட்டி வைக்காமல், சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான டியூபைத் தானே போட்டுச் சிறுநீரை வெளியேற்றப் பலரும் கற்றுக்கொள்ள முடியும். மலம் கழிக்க ஒரு நேரத்தைப் பழக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, கை பலத்தை வளர்க்க வேண்டும். வீட்டு வாசற்படிக்குச் சாய்தளம், கழிப்பறைக்கு அகலமான கதவு. தாம்பத்தியம், குழந்தை பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய சமயங்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம்: காய்ச்சல், தையலில் நீர் கசிவது, புதிதாக மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல். கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ அடிபட்டவருக்குத் தலைவலியும் வியர்வையுமாக ரத்த அழுத்தம் சட்டென ஏறினால், அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள்.