அடுக்கினுள் எழுத்து
(பொழிவின் எழுத்து வடிவம்)



சுவரொட்டியிலும் நூலின் மேலட்டையிலும் எழுத்து இன்று வெறுமனே நிற்பதில்லை. கோபுரத்தின் பின்னே மறைந்து தலைகாட்டுகின்றது, நிழல் வீழ்த்துகின்றது, தன் உடம்பினுள்ளேயே ஒரு கடலைத் தாங்கி நிற்கின்றது. இவ்வனப்பெல்லாம் கணிப்பொறியில் அடுக்குகளால் ஆக்கப்பெறுவது. அடுக்கு என்பது யாது? ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தகடுகளைப் போன்றது. ஒன்றில் படம், ஒன்றில் எழுத்து, ஒன்றில் நிழல். மேலிருந்து நோக்குவார்க்கு அனைத்தும் ஒரே படம். செய்வார்க்கோ ஒவ்வொன்றும் தனித்தனி.

நோல் உடன்பிறந்தார் இருவர் உருவாக்க, அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்ட போட்டோசாப் என்னும் மென்பொருளில் தொடக்கத்தில் இவ்வசதி இல்லை. படத்தின்மேல் இட்ட எழுத்து படத்தோடு ஒன்றி வெறும் புள்ளிகளாயிற்று. 1994இல் அடுக்குகள் வந்தன. 1998இல்தான் அடுக்கிலுள்ள எழுத்தைப் பின்னரும் திருத்தும் வாய்ப்பு வந்தது. இவ்விரண்டாம் வரவே தமிழர்க்கு இன்றியமையாதது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்க.

தஞ்சைப் பெரிய கோயிலின் படம் ஒன்று. வானத்தில், விமானத்திற்குப் பின்னால், 'தஞ்சை' என்னும் சொல் நிற்றல் வேண்டும். அடியில் முழுப்படம், அதன்மேல் எழுத்து, அதற்கும் மேல் அதே படத்தின் படி ஒன்று. மேற்படியில் விமானத்தை மட்டும் விடுத்து வானத்தை மறைப்பினால் மூடிவிட்டால், எழுத்து விமானத்தின் பின்னே சென்றுவிடும். வானத்தை அழிக்கலாகாது, மறைத்தல் வேண்டும். அழித்தது மீளாது, மறைத்தது வேண்டும்போது மீளும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். ஆங்கில எழுத்தின் பாதி மறைந்தாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வர். தமிழிலோ விமானத்தின் முடி ஞகரத்தின் புள்ளியை மறைத்துவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஒரு சிறு புள்ளிதானே என்பார் தமிழ் எழுத்தின் இயல்பறியாதார். எழுத்தடுக்கைச் சற்றே நகர்த்தினால் புள்ளி பிழைக்கும், அழகும் குறையாது.

இனி நிழல். எழுத்தடுக்கைப் படியெடுத்து, கருநிறம் ஊட்டி, சிறிது தள்ளிக் கீழே வைப்பர் பலர். பின்னர் 'தமிழ்கல்வி' என்று ஒற்று விடுபட்டது கண்ணிற்படும். மேலடுக்கில் 'தமிழ்க்கல்வி' எனத் திருத்துவர்; கீழடுக்கை மறந்துவிடுவர். மேலே ஒரு சொல், கீழே வேறொரு சொல்! நிழலைத் தனிப் படியாக்காமல், எழுத்தடுக்கோடு பிணைந்த விளைவாகவே அமைத்தால், எழுத்தைத் திருத்தியவுடன் நிழலும் தானே திருந்தும்.

இதனினும் கொடியது எழுத்தைப் படமாக்கிவிடல். சில அழகு வேலைகளுக்காக எழுத்தடுக்கைப் புள்ளிப்படமாக மாற்றிவிடுகின்றனர். மாற்றியபின் அது எழுத்தன்று, எழுத்தின் ஓவியம். லகர ளகர ழகரப் பிழை ஏதேனும் இருப்பின் அஃது அங்கேயே கல்லாகிவிடும். மாற்றியே தீரவேண்டுமாயின், மாற்றாத படி ஒன்றை மறைத்து வைத்துக்கொள்க.

எழுத்துருவிலும் கருத்து வேண்டும். பழைய எழுத்துருக்கள் தத்தமக்கென வேறுவேறு குறியீடு கொண்டவை. ஓர் அடுக்கில் எழுத்துருவை மாற்றினால் சொல்லே சிதைந்துபோம். ஒருங்குறியில் அவ்விடர் இல்லை. ஆயினும் 'கொ' என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்றல் வேண்டுமென மென்பொருள் அறிந்திருத்தல் வேண்டும். போட்டோசாப்பின் முந்தைய பதிப்புகள் இதனை அறியாமல் கொம்பைப் பின்னே தள்ளின. பிற்காலப் பதிப்புகளில் தென்னாசிய எழுத்துகளுக்கான ஒழுங்கு வந்துள்ளது. அமைப்பில் அது தேர்ந்தெடுக்கப்பெற்றுள்ளதா எனப் பார்த்துக்கொள்க. பணம் செலவிட இயலாதார்க்குக் கிம்பு என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கியது அது. அதிலும் அடுக்கும் மறைப்பும் உள. தமிழும் சிதையாமல் நிற்கும்.

தமிழ் இளைஞர்களே! அடுக்குகள் பத்தாயினும் நூறாயினும் ஆகுக. எழுத்து மட்டும் இறுதிவரை எழுத்தாகவே இருக்கட்டும். அச்சுக்கு அனுப்புமுன் மற்றை அடுக்குகளையெல்லாம் மறைத்துவிட்டு, எழுத்தடுக்கை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வண்ணம் மங்கினால் கண்ணுக்குத்தான் குறை. எழுத்துப் பிழைத்தால் மொழிக்கே குறை!