உச்ச நீதிமன்றத்துக்கு ஏறும் முதல் படி

(டிரஸ்டின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் மருத்துவமும் பொறியியலுமே அதிகம். சட்டம் படிக்கிறேன் என்று வரும் பிள்ளை அபூர்வம். ஆகவேதான் இன்று உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பேச நினைத்தோம்.

1950-ல் அந்த நீதிமன்றம் தொடங்கியபோது தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 பேருக்குத்தான் இடம். 2019-ல் அது 34 ஆனது. எல்லோரும் ஒன்றாக அமர்வதில்லை. சாதாரண வழக்குகளை இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் முக்கிய வழக்கென்றால் ஐந்து பேராவது வேண்டும். 65 வயதில் ஓய்வு.

நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆனால் பெயர்களைப் பரிந்துரைப்பது தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் கொண்ட ‘கொலீஜியம்’. 1993, 1998 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துகளால் வந்த முறை இது. அதற்கு முன் அரசின் கையே ஓங்கியிருந்தது. 1981-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த, நாகூரைச் சேர்ந்த மு.மு. இஸ்மாயில் அவர்களைக் கேரளாவுக்கு மாற்றினார்கள். அவர் ஏற்காமல் பதவி விலகினார். பிறகு 2014-ல், சட்ட அமைச்சரும் இடம்பெறும் நியமன ஆணையத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. நீதித்துறையின் சுதந்திரம் கெடும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பதவிக்குத் தேர்வு இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு நீதிபதியாகவோ பத்தாண்டு வழக்கறிஞராகவோ இருந்தவர்களிலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறார்கள். கீழே ஆள் இல்லையென்றால் மேலே பெயர் எப்படிப் போகும்?

கேரளாவின் பத்தனம்திட்டாவில் பிறந்த ஃபாத்திமா பீவியைச் சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய தந்தை. 1950-ல் வழக்கறிஞரானார், 1958-ல் முன்சீப் ஆனார். ஒவ்வொரு படியாக ஏறி, 1989 அக்டோபர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னாளில் நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தார்.

அந்த முன்சீப் பதவிக்கு இன்று உரிமையியல் நீதிபதி என்று பெயர். தேர்வு நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. இந்தப் படியில் நமக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. சட்டம் படிக்க வெளியூர் போக வேண்டியதும் இல்லை. தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு.

வரும் கல்வியாண்டில் சட்டம் படிக்க இடம் கிடைக்கும் நம் பிள்ளைகளின் மனுக்களை முதலில் எடுப்பதென்று டிரஸ்டில் முடிவு செய்திருக்கிறோம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறோம். மனுவோடு வாருங்கள்.