ஒளியும் மாசாகும்!

(ஆம்பூரில் தோழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று விளக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். விலைவாசி ஏறி நிற்கிறது; தோல் தொழிலாளியின் கூலி தேங்கி நிற்கிறது; இவற்றை விட்டுவிட்டு விளம்பரப் பலகையின் விளக்கைப் பற்றியா பேச்சு என்று கேட்பீர்கள். கேட்பது முறைதான். ஆனால் கூலி வாங்கிய தொழிலாளி வீடு போய்ச் சேர வேண்டுமே! அவன் போகும் வழியைப் பற்றியதுதான் என் பேச்சு.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு ஒரு பாடம் மற்றெவரைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். தோல் பதனிடும் தொழில் நமக்குச் சோறு போட்டது. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் அதனால் உலகச் சந்தையிலே பெயர் பெற்றன. ஆனால் கழிவுநீர் மண்ணில் இறங்கியது. கிணறு உப்பாயிற்று, கழனி பாழாயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்கூடங்கள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற செய்தி அத்தீர்ப்பிலே இருக்கிறது.

அத்தீர்ப்பு நாட்டுக்கு மூன்று நெறிகளை நிலைநாட்டியது. கேடு வருமுன் காக்க வேண்டும் என்பது ஒன்று. தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவன் அதைச் செய்கிறவனே என்பது இரண்டு. மாசு செய்தவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது மூன்று. இன்று இந்தியாவின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் அங்கே ஒலிக்கிறது. நம் மண் பட்ட துன்பத்தில் விளைந்த நெறி அது. நீருக்குப் பொருந்தும் அந்நெறி ஒளிக்கும் பொருந்தும் என்பதுதான் நான் சொல்ல வந்த கருத்து.

முன்னாளில் கடைக்கு மேலே தகரப் பலகை இருந்தது, ஓவியர் பெயரெழுதினார். பிறகு குழல்விளக்கு வந்தது. துணிபோல் விரியும் பிளெக்ஸ் வந்தது. இப்போது வந்திருப்பது டிஜிட்டல் ஒளிப்பலகை. அது படத்தை மாற்றுகிறது, அசைகிறது, மின்னுகிறது. அசையும் ஒளியின் பக்கம் திரும்புவது மனிதக் கண்ணின் இயல்பு. அந்த இயல்பைத்தான் விளம்பரக்காரர் விலைக்கு விற்கிறார். நம்மைக் கேட்டா விற்றார்? இல்லை!

பகல் வெயிலில் தெரிய வேண்டுமென்று அப்பலகைக்குச் சதுர மீட்டருக்கு 5,000 கேண்டெலா அளவுக்கு ஒளியேற்றுகிறார்கள். இரவிலே சில நூறு கேண்டெலாவே போதும். சூரியன் மறைந்தபின் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும் உணர்கருவி உண்டு. அது பொருத்தப்படாவிட்டால், பகலின் பேரொளி இரவின் இருட்டிலே பாய்கிறது. அதைப் பார்த்த கண் மீண்டும் இருட்டைப் பார்க்கப் பழகுமுன், விளக்கில்லாத மிதிவண்டி அதற்குத் தெரிவதில்லை. சாலையைக் கடக்கும் மூதாட்டியும் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 2 விநாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் ஓடிவிடுகிறது. அமெரிக்காவில் நூறு கார்களில் கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஓட்டுநரின் கண் 2 விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகினால், விபத்து நேரும் வாய்ப்பு இருமடங்காகிறது என்று அது கண்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரை ஒட்டியே ஓடுகிறது. காலணித் தொழிற்கூடத்து வேலை முடிந்து அந்திவேளையில் நம் தோழர்கள் இருசக்கர வண்டிகளில் திரும்புவதும் அவ்வழியேதான். அங்கே அசையும் படமொன்று எதற்கு?

வேலூருக்கு வாருங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த மருத்துவமனையை நாடி வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் மொழியிலே காந்தி சாலைக் கடைகள் பெயர்ப்பலகை வைத்திருக்கின்றன. வந்தாரை வரவேற்கும் அப்பலகைகள் மீது நமக்குக் குறையில்லை. ஆனால் அறுவை முடிந்து படுத்திருப்பவரின் சன்னலுக்குள் நள்ளிரவிலும் வண்ண ஒளி பாயலாமா? மருத்துவமனையின் அருகே ஒலிப்பானை அடக்கச் சொல்லும் நாம், ஒளியையும் அடக்கச் சொல்ல வேண்டாமா?

ஒளி மட்டுமன்று, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் ஆளைக் கொல்லும். 2023 சூன் 1-ஆம் நாள் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை சரிந்து, அதிலே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் மூவர் மாண்டனர். 2024 மே 13-ஆம் நாள் மும்பை காட்கோபரில் புயற்காற்றில் ஒரு பலகை வீழ்ந்து 17 பேர் மடிந்தனர். அங்கே விதி அனுமதித்தது 40 அடிக்கு 40 அடி. நின்றதோ 120 அடிக்கு 120 அடி! விதி ஏட்டிலே இருந்தது. பலகை வானத்திலே இருந்தது. இரண்டுக்கும் இடையே அதிகாரம் உறங்கியது.

"சிறு வணிகன் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். பிழைக்க வேண்டும். பிரியாணிக் கடைக்காரர் தம் வாசலில் அசையாத ஒரு விளக்குப் பலகை வைத்தால் யாருக்கும் இடரில்லை. நெருக்க வேண்டியது அவரையன்று. நெடுஞ்சாலையின் மேலே எழும் பெருந்திரையை! "நகராட்சிக்கு வருமானம் வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது விளம்பர வரி உள்ளாட்சியின் கையை விட்டுப் போயிற்று. எஞ்சியிருப்பது உரிமக் கட்டணம். பணமுடை உண்மைதான். அதற்காக மக்களின் பார்வையை ஏலம் விடும் உரிமை எந்த மன்றத்துக்கும் இல்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பிரேசிலின் சாவோ பாலோ நகரம், 2007-இல் பெரும் விளம்பரப் பலகைகளை அறவே அகற்றியது. வணிகம் அங்கே அழிந்துவிடவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1998-இல் இயற்றப்பட்டு 2023-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படி விளம்பரப் பலகைக்கு உரிமம் வேண்டும். வேண்டுவது, வேலூர் மாநகராட்சியும் ஆம்பூர் நகராட்சியும் அந்த உரிமத்திலேயே நம் மண்ணின் மூன்று நெறிகளையும் எழுதுவது. இருட்டியபின் ஒளி தானே குறைய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்திலும் சந்திப்பிலும் மருத்துவமனை எதிரிலும் அசையும் படம் கூடாது. இது வருமுன் காத்தல். சட்டத்தின் உறுதிக்கும் ஒளியின் அளவுக்கும் பலகை வைப்பவரே ஆண்டுதோறும் சான்று காட்ட வேண்டும். உரிம எண்ணைப் பலகையின் அடியிலே எவரும் படிக்கும்படி பொறிக்க வேண்டும். இது மெய்ப்பிக்கும் கடமை. கேடு நேர்ந்தால் ஈடு கொடுக்க முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். இது மாசு செய்தவர் தரும் விலை.

இவற்றைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டா? தோழர்களே, இங்கேதான் நாம் நம் முகத்தைக் கண்ணாடியிலே பார்த்துக்கொள்ள வேண்டும். 2019 செப்டம்பர் 12-ஆம் நாள் சென்னை பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவர் இல்லத் திருமணத்துக்காகச் சாலை நடுவிலே கட்டிய பதாகை இருசக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண்ணின் மேல் வீழ்ந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் பின்னே வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அந்தப் பதாகையைக் கட்டியது எந்த விளம்பர நிறுவனமும் அன்று; அரசியல் தொண்டர் பழக்கம்! அதன் பிறகு கட்சிகள் தம் தொண்டர்களுக்குப் பதாகை வேண்டாம் என்று ஆணையிட்டன. ஆணை எத்தனை நாள் நினைவிலிருந்தது என்பதை ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவும் அறியும்.

தலைவர் வருகிறாரென்றால் வரவேற்க வழியா இல்லை? பதாகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு படிப்பகத்துக்கு ஓராண்டு ஏடு வாங்கலாம். தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பாடநூல் வாங்கலாம். முதற் பணி இதுதான்: நம் கிளை கட்டிய பதாகை சாலையிலே நின்றால், நகராட்சி வருமுன் நம் கையாலேயே அவிழ்ப்போம். அடுத்த பணி: உங்கள் வட்டத்திலுள்ள பெரும் பலகைகளை எண்ணுங்கள், உரிம எண் இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, ஆணையர் கையிலே எழுத்து மூலம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மூன்றாம் பணி: நம் மன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கட்டும்.

ஆற்றுநீர் கெட்டபின் நாம் விழித்தோம். கெட்ட மண் இன்னமும் முழுதாகத் தேறவில்லை. ஒளியின் கேட்டைத் தடுக்கவோ ஒரு திருகும் ஓர் ஆணையும் போதும். ஊருக்கு விளக்கு வேண்டும். வழி காட்டும் விளக்கு வேண்டும். விழி பறிக்கும் விளக்கு வேண்டா! அதைச் சொல்லும் உரிமையைப் பெற, நம் பதாகையை நாமே முதலில் இறக்குவோம், வாரீர்!