மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா?

(உலகக் காசநோய் நாளான மார்ச் 24 அன்று நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பரிசோதனை இலவசம், மருந்து இலவசம், மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை என்று அடுக்கினார்கள். எல்லாம் உண்மை. ஆறு மாதம் விடாமல் விழுங்கினால் பெரும்பாலோருக்கு நோய் தீர்ந்துவிடும், அதுவும் உண்மை. அப்படியானால் பாதியில் நிறுத்துகிறவர் ஏன் நிறுத்துகிறார்? கேட்டால் என்ன பதில் வருகிறது? "சொன்னா கேக்க மாட்டான் சார், குடிகாரன்." "அந்தம்மாவுக்குப் பொறுப்பே இல்ல." இந்தப் பதிலை எதிர்க்கத்தான் மேடையேறியிருக்கிறேன்.

நோய் என்று தெரிந்த அன்றே அந்த வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாகின்றன. காசநோய் காற்றில் பரவுவது, தட்டில் பரவுவதல்ல. ஆனாலும் தட்டைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். பேரப்பிள்ளையைத் தொடாதே என்கிறார்கள். மேஸ்திரி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்கிறார். மருமகளென்றால் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திரும்ப அழைத்துப் போக ஆள் வருவதில்லை. கல்யாணமாகாத பெண், மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்து விழுங்குகிறாள். இரண்டு மாதத்தில் இருமல் அடங்குகிறது, தூக்கம் மட்டும் திரும்புவதில்லை. சோறு இறங்குவதில்லை. "இத முழுங்கிப் பொழச்சு என்னத்தப் பண்ணப் போறேன்" என்று ஒருவர் கேட்டால் அதுவா பொறுப்பின்மை? மனச்சோர்வும் நோய்தான் ஐயா! அதற்கும் சிகிச்சை உண்டு!

மருந்தே மனத்தைத் தாக்குவதும் உண்டு. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிலருக்குத் தரப்படும் சைக்ளோசெரின், மனச்சோர்வையும் சித்தப்பிரமையையும் தற்கொலை எண்ணத்தையும்கூட உண்டாக்கக்கூடியது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையின் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று அப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தது. காசநோய் வார்டில் பிறந்த மருத்துவம் காசநோயாளிக்கே எட்டாதென்றால் இது என்ன நியாயம்?

"ஏழை ஊருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? மனநல மருத்துவருக்கு எங்கே போவது?" என்கிறார்கள். இதே பேச்சு எழுபது வருடம் முன்பும் இருந்தது. சானடோரியமும் படுக்கையும் சத்தான சாப்பாடும் இல்லாமல், நெரிசலான வீட்டில் வைத்து ஏழையைக் குணப்படுத்த முடியாது என்றார்கள். முடியும் என்று காட்டியது நம் சென்னை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தின் முடிவுகள் 1959இல் வெளிவந்தன: வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமானார்கள். அதன்பின் உலகமே நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது. சரியான முடிவு. ஆனால் அந்த வீட்டில் அவரோடு பேச ஓர் ஆளை அனுப்ப மறந்தோம்.

ஆள் இல்லையா? ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அக்கம்பக்கத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் உட்காரவைத்தார். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களின் சோர்வு நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரு நாட்டின் லிமாவில், குடிசைப் பகுதிக் காசநோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்ததில் செவிலியர்களுக்கும் பங்குண்டு. இவையெல்லாம் பணக்கார ஊர்களா? நம்மிடம் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடுவீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்களே!

2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இங்கே நடக்கிறது. நோய் கண்டவுடன் எடை, மூச்சு, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம் பார்க்கிறார்கள். பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். அதே நேரத்தில், அதே பணியாளர், இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். முன்பு பிடித்த காரியங்களில் இப்போது நாட்டம் குறைந்துவிட்டதா? மனசு விட்டுப்போகிறதா? ஆமாம் என்றால் மாத்திரை தரும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு இருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.

வேறு துறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக் கைகழுவாதீர்கள். மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும். போய் மருந்து வாங்கினாலும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். அதனால் காசநோய் மருத்துவரும் மனநல மருத்துவரும் நோயாளியின் ஒரே சிகிச்சை அட்டையைப் பார்த்தாக வேண்டும்.

குடிகாரன் என்று திட்டுகிறீர்களே, சாராயக்கடை நடத்துவது யார்? டாஸ்மாக்கை நடத்தும் அரசுக்கு, குடிப்பழக்கம் உள்ள நோயாளியை விரட்ட வாய் ஏது? குடியிலிருந்து மீட்கும் சிகிச்சையும் காசநோய்ப் பிரிவிலேயே தொடங்க வேண்டும்.

மே 1 கிராமசபைக்கு எல்லோரும் வாருங்கள். அந்த இரண்டு கேள்வியையும், ஒரே அட்டையையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் ஏற்றாமல் எழுந்திருக்காதீர்கள். அதுவரை காத்திருக்க முடியாமல் இன்று இரவே மனசு தாங்காதவர்கள் உங்களில் இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.