நீரிழிவும் பல்லும்



கால் நூற்றாண்டாக நம் பிள்ளைகளின் கல்விக் கண்ணைத் திறந்துவரும் கழகத்தின் வெள்ளி விழாவில் பல்லைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். கல்வி தேர்வுத்தாளோடு முடிவதன்று. நம் உடலை நாமே அறிந்து காப்பதும் கல்வியே ஆகும்.

சர்க்கரை நோய் பணக்காரர் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நிலவுகிறது. உண்மை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 15 மாநிலங்களில் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டு நகரங்களில் வசதி படைத்தோரைவிட வசதி குறைந்தோரிடமே இந்நோய் மிகுதி எனக் காட்டிற்று. 2023-இல் வெளியான அதன் தொடர்ச்சி, நாட்டில் 10 கோடிப் பேர் நீரிழிவுற்றிருப்பதாகக் கணக்கிட்டது. நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களும் தம் இறுதி ஆண்டுகளில் இந்நோயால் பெரிதும் துன்புற்றவரே.

இந்நோய்க்கும் பல்லுக்கும் என்ன உறவு? குருதியில் சர்க்கரை மிகும்போது உமிழ்நீரிலும் அது மிகுகிறது. உமிழ்நீர் சுரப்பதும் குறைந்து வாய் வறள்கிறது. உமிழ்நீரே பல்லைக் கழுவி, அமிலத்தைத் தணித்துக் காக்கும் காவலாள். காவல் தளர்ந்ததும் கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தைப் பெருக்க, பல் சொத்தையாகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுவதால் ஈறு வீங்கி, குருதி கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. சொத்தையில்லாத பல்லும் ஆடி விழுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குருதிக் குழாய், ஆறாப்புண் ஆகிய ஐந்து கேடுகளை அடுத்து, ஈறுநோயை நீரிழிவின் ஆறாம் கேடு என 1993-இல் அறிஞர் ஹெரால்டு லோ குறித்தார்.

இவ்வுறவு ஒருவழிப்பாதை அன்று. ஈற்றில் நிலைத்த அழற்சி, இன்சுலினைச் சரிவர வேலை செய்யவிடாது. ஈறுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்ட நீரிழிவாளரிடம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததை 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று எடுத்துரைத்தது. மாத்திரைக்கு மாற்றன்று, எனினும் நல்ல துணை.

நம் உழைப்பாளி மக்கள் பல்வலி கண்டால் என்ன செய்கிறோம்? ஒருநாள் கூலி போகுமே என அஞ்சிக் கிராம்பை வைக்கிறோம், புகையிலையை அடக்குகிறோம், தாங்காதபோது பிடுங்கிக்கொள்கிறோம். புகையிலை ஈற்றை மேலும் அரிக்கிறது. பல் போனபின் கடலையும் காய்கறியும் மெல்ல முடிவதில்லை. குழைந்த சோறும், தேநீரில் நனைத்த பன்னுமே உணவாகின்றன. சர்க்கரை மேலும் ஏறுகிறது. கூலிக்கு அஞ்சிய ஒருநாள், பல நாள் கூலியைப் பறித்துவிடுகிறது.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஃபுளூரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவோம். செங்கல் தூளையும் கரியையும் விடுப்போம். ஈற்றில் குருதி கசிந்தாலோ, பல் ஆடினாலோ, சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்வோம். நீரிழிவு உள்ளோர், வலி இல்லையெனினும் ஆண்டுக்கொரு முறையேனும் பல் மருத்துவரிடம் காட்டுவோம். நோயையும் உண்ணும் மருந்தையும் அவரிடம் மறையாது கூறுவோம். பல் எடுக்கும் நாளில், அவர் சொல்லாமல் உணவையும் மாத்திரையையும் நாமே நிறுத்தலாகாது.

இளைஞர்களே! 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. பெற்றோரின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்வதும், அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அவர்களை அழைத்துச் செல்வதும் உங்கள் கடமை. இக்கழகத்தால் நீங்கள் பெற்ற எழுத்தறிவு, மருந்துச் சீட்டையும் சோதனைத்தாளையும் அவர்களுக்குப் படித்துச் சொல்லப் பயன்படட்டும். நம்மை ஆளாக்க உழைத்தவர்கள் முதுமையிலும் நன்கு மென்று உண்டு, நலமுடன் வாழ வழி செய்வோம்.