நான் தப்பாகப் போட்ட ஒரு வார்த்தை



ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றிப் பேசுகிறேன். 'அக்ரிமோனியஸ்'.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நாங்கள் ஹாஸ்டலில் டிக்‌ஷனரியைப் புரட்டித் தினம் ஒரு வார்த்தை மனப்பாடம் செய்வோம். இந்த வார்த்தையின் லத்தீன் வேருக்குக் கூர்மை, காரம் என்று பொருள். நானாகவே 'காரசாரமான' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். தப்பு அங்கேதான்.

வேலைக்குப் போன பிறகு ஒரு பில் பாக்கிக்காக மீட்டிங். காண்ட்ராக்டர் தரப்பில் வந்தவன் நம் வகுப்புத் தோழன். அளவுப் புத்தகத்தை நடுவில் வைத்து இரண்டு மணி நேரம் வாதாடினோம். முடிந்ததும் சேர்ந்து டீ குடித்தோம். மினிட்ஸில் நான் 'அக்ரிமோனியஸ் டிஸ்கஷன்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த அவன் முதலாளி அவனை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார். போனில் அவன் ஒன்றுதான் கேட்டான்: "ஏண்டா, நாம சண்டையா போட்டோம்?"

வாதத்தில் சூடு இருந்தால் 'ஹீட்டட்' போதும். கசப்பும் கோபமும் ஏறி, விஷயத்தை விட்டு ஆளையே குத்தினால்தான் 'அக்ரிமோனியஸ்'. கோர்ட்டில் ஒருவரையொருவர் ஏசிப் பிரியும் விவாகரத்துக்கு அது பொருந்தும்.

நாம் படித்த கணக்கிலேயே உதாரணம் இருக்கிறது. கால்குலஸ் யாருடையது என்று நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் தகராறு. 1712-ல் ராயல் சொசைட்டி விசாரணைக் குழு அமைத்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியதும் அவரே! 1716-ல் லைப்னிட்ஸ் இறந்தும் கசப்பு தீரவில்லை. நியூட்டனின் குறியீட்டையே பிடித்துக்கொண்ட இங்கிலாந்து, கணிதத்தில் ஐரோப்பாவுக்குப் பின்தங்கியது. 1812-ல் கேம்பிரிட்ஜில் பாபேஜ் முதலிய மாணவர்கள் சங்கம் கூட்டித்தான் லைப்னிட்ஸின் 'டிஒய் பை டிஎக்ஸ்' முறையை அங்கே கொண்டுவரப் பாடுபட்டார்கள். நூறு வருஷக் கசப்பு! அதற்குரிய வார்த்தையை இரண்டு மணி நேர வாதத்துக்கு நான் போட்டுவிட்டேன்.

அந்த நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், நமக்குள் நடந்தது சண்டை இல்லைடா. அந்த மினிட்ஸை இந்தச் சபை முன்னால் திருத்திக்கொள்கிறேன். மன்னித்துவிடு. கூட்டம் முடிந்ததும் கேன்டீனுக்கு வா; டீ என் கணக்கு.