வீடு நம்முடையது, பாஸ்வேர்டு யாருடையது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீடு, ரெண்டு மாடு, குழுக் கணக்கு, இதுதான் என் வேலை. மோட்டார், கேமரா பத்திப் பேசுன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னப்ப, "எனக்கு மேல படிச்சவங்க குழுவுல இருக்காங்களே அக்கா"ன்னு கேட்டேன். "படிச்சவங்க இருக்காங்க. வீட்டு கேமரா பாஸ்வேர்டைக் கையில வெச்சிருக்கிறவ நீ ஒருத்திதான்"னு சொல்லிட்டாங்க. அதனாலதான் வந்து நிக்கிறேன்.

நான் பேச ஆரம்பிச்சதும் மைக் கூவுச்சு, நீங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டீங்க. அது மைக்கோட குத்தம் இல்ல. ஸ்பீக்கர் பாக்ஸ் எனக்குப் பின்னால இருக்குது. அதுல வர்ற சத்தத்தையே மைக் திரும்பப் பிடிக்குது, அது மறுபடி பாக்ஸுக்குப் போகுது, மறுபடி மைக்குக்கு வருது. அந்தச் சுத்துதான் கூவுற சத்தம். பாக்ஸை எனக்கு முன்னால நகர்த்தி, உங்களைப் பாத்துத் திருப்பி வெச்சா போதும். நம்ம குழுக் கூட்டத்துக்கு மைக் செட் எடுக்கும்போது ஞாபகம் வெச்சுக்குங்க.

விஷயத்துக்கு வர்றேன். 2006ல அரசாங்கம் கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2011ல மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சாமான் எல்லாத்துக்கும் சுவிட்ச் சாமான்லயே இருந்துச்சு. யார் கை பட்டாலும் ஓடும், யார் கை பட்டாலும் நிக்கும். இப்ப வர்ற சாமானுக்கு சுவிட்ச் போன்ல இருக்குது. அந்த போன் வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்குது. அவர் லாரியில நாமக்கல்லைத் தாண்டிப் போயிட்டிருப்பார், இங்க தொட்டி வழிஞ்சு ஓடிட்டு இருக்கும். அந்தத் தண்ணிய யார் நிறுத்துறது? இதைத்தான் நான் இன்னைக்குப் பேச வந்தேன்.

முதல்ல வயல் மோட்டார். மும்முனை மின்சாரம் ராத்திரி எந்நேரத்துக்கு வந்தாலும் கிணத்து மேட்டுக்கு ஓடின காலம் உங்களுக்குத் தெரியும். பாம்புக்குப் பயந்து டார்ச்சும் கம்பும் எடுத்துக்கிட்டுப் போவோம். இப்ப மொபைல் ஸ்டார்ட்டர் வந்துருச்சு. பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்கும். போன் பண்ணினா மோட்டார் ஓடும், நிக்கும். நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல பதிஞ்சு வெச்ச நம்பருக்குத்தான் அது கட்டுப்படும். நம்ம நம்பர் பதிஞ்சிருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பாதி வீட்டுல மாமனார் நம்பர், வீட்டுக்காரர் நம்பர், மாட்டிக் கொடுத்த மெக்கானிக் நம்பர் மூணும் இருக்கும். தினம் வயலுக்குப் போற பொம்பளை நம்பர் இருக்காது. அந்த சிம்முக்கும் ரீசார்ஜ் முடியற தேதி உண்டு. தேதி முடிஞ்சா மோட்டார் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீங்க, முதல்ல சிம்மைப் பாருங்க.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வெச்சிருந்தா, கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். யாராவது மோட்டார்கிட்ட வேலை செஞ்சிட்டு இருக்கும்போது கரண்ட் வந்தா? எங்கயோ இருக்கிற ஒருத்தர் விவரம் தெரியாம போன் பண்ணினா? அதனால கிணத்துல இறங்குறதுக்கு முன்னால, பெல்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னால மெயினை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையோட எடுத்துட்டுப் போகணும். "போன்ல ஆஃப் பண்ணிட்டேன்"னு சொல்றதை நம்பி யாரையும் இறக்கி விடாதீங்க.

அடுத்து வீட்டுத் தொட்டி. தண்ணி குறைஞ்சா மோட்டாரைப் போட்டு, நிறைஞ்சா நிறுத்துற ஆட்டோமேட்டிக் பெட்டி இப்ப நிறைய வீட்டுல மாட்டுறாங்க. ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் இருபது நிமிஷம் தொட்டி வழியுதுன்னு வைங்க, ரெண்டு மாசத்துல இருபது யூனிட் சும்மா போகுது. இலவசமா வர்ற 100 யூனிட்டுல அஞ்சுல ஒரு பங்கு. கீழ்த்தொட்டியில தண்ணி இல்லாம மோட்டார் வெறுமனே ஓடினா காயில் எரிஞ்சு, மறுபடி காயில் கட்டுற செலவு வேற. அதனால மேல்தொட்டிக்கு மட்டும் சென்சார் போட்டு விட்டுடாதீங்க. கீழ்த்தொட்டிக்கும் போடச் சொல்லுங்க.

மாட்ட வர்ற தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "தொட்டிக்குள்ள இறங்குற வயர்ல எத்தனை வோல்ட் போகுது தம்பி?" பன்னெண்டு வோல்ட்டோ அதுக்குக் குறைவோன்னு சொன்னா நல்லது. விலை குறைஞ்ச மிதவை சுவிட்ச் சிலதுல 230 வோல்ட் நேரா தொட்டித் தண்ணிக்குள்ள போகும். வயர் தோல் உரிஞ்சா அந்தக் கரண்ட் தண்ணியில இறங்கும். அந்தத் தண்ணியிலதான் நாம குளிக்கிறோம், பாத்திரம் கழுவுறோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரை வேலைக்கு விடாதீங்க.

அப்புறம் நம்ம பக்கம் உப்புத் தண்ணி. கம்பி சென்சார்ல உப்பு படிஞ்சிரும், தண்ணி இருந்தாலும் இல்லைன்னு காட்டும். தொட்டி கழுவுற அன்னைக்கே மெயினை நிறுத்திட்டு அதையும் தேய்ச்சு விட்டா சரியாயிடும். இதுக்கு ஆள் கூப்பிட வேண்டியது இல்ல.

எந்தச் சாமான் வாங்கினாலும் அதுக்கு முந்தி வாங்க வேண்டிய ஒண்ணு இருக்குது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல வைக்கிற ஆர்சிசிபி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்ன்னு எழுதினது, ஐஎஸ்ஐ முத்திரையோட வாங்கணும். ஈரக்கையோட தொட்டு உடம்பு வழியா கரண்ட் தரைக்கு இறங்கினா, அது கண் இமைக்கிறதுக்குள்ள லைனைத் துண்டிக்கும். அதுல டெஸ்ட்ன்னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அழுத்திப் பாக்கணும். லைன் துண்டிச்சா நல்லா இருக்குதுன்னு அர்த்தம், துண்டிக்கலைன்னா உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடணும். எங்க குழுவில சந்தா கொடுக்கிற நாளை அதுக்கு அடையாளமா வெச்சிருக்கோம். ஆர்சிசிபி இருக்குதேன்னு எர்த்தை விட்டுடக் கூடாது, ரெண்டும் வேணும். இது இல்லாம கேமராவுக்கும் டிவி சவுண்டு பாக்ஸுக்கும் உள்கடன் கேட்டு யாராவது வந்தா, முதல்ல இதைப் போட்டுட்டு வாங்கன்னு சொல்லலாம்னுதான் என் அபிப்பிராயம். சில பேருக்குக் கோபம் வரும், பரவாயில்ல.

சவுண்டு பாக்ஸ்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. புதுசா வாங்கி மாட்டினா படம் வருது, பாக்ஸ்ல சத்தம் வரலைன்னு புலம்புறாங்க. டிவிக்குப் பின்னால எச்டிஎம்ஐ ஓட்டை ரெண்டு மூணு இருக்கும். பெரும்பாலும் அதுல ஒண்ணுலதான் ஏஆர்சின்னு எழுதியிருக்கும். பாக்ஸ் வயரை அதுலதான் சொருகணும். டிவி செட்டிங்குல சவுண்டு எங்க போகணும்னு அதையும் மாத்தி விடணும். அவ்வளவுதான்.

இனி கேமரா. இதைத்தான் கொஞ்சம் நிதானமாப் பேசணும்.

ஊர்ல திருட்டு பயம் வந்ததுல இருந்து வாசலுக்கு வாசல் கேமரா. பாதுகாப்புதான், வேண்டாம்னு சொல்லல. நாலு கேமரா, ஒரு பதிவுப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு டிபி ஹார்டு டிஸ்க். இவ்வளவு இருந்தா பதிவோட தரத்தைப் பொறுத்து ஒரு வாரமோ ரெண்டு வாரமோதான் நிக்கும். அப்புறம் பழசு மேலேயே புதுசு பதியும். அதனால ஆடு காணாம போச்சுன்னா, பஞ்சாயத்து பேசி முடிஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சுத் தேடினா இருக்காது. அன்னைக்கே பென்டிரைவில் எடுத்து வெச்சிடணும். பெட்டியில தேதியும் மணியும் சரியா ஓடுதான்னும் பாருங்க. மணி தப்பா இருந்தா போலீஸ்ல கொடுக்கும்போது வீணா கேள்வி வரும். ராத்திரியில படம் வெள்ளையா மங்கலா தெரிஞ்சா கேமரா கெட்டுப்போகல, முக்கால்வாசி சிலந்தி வலை. கேமராவில இருக்கிற ராத்திரி வெளிச்சம் வலையில பட்டுத் திரும்புது. ஒட்டடைக் குச்சி போதும்.

இது சாமானோட வேலை. இனி ஆளோட வேலை.

கேமரா மாட்ட வர்றவங்க, வேலை சீக்கிரம் முடியட்டும்னு அவங்க போன்லயே அவங்க கணக்குல பெட்டியைச் சேர்த்துடுவாங்க. நிறைய செயலியில முதல்ல யார் கணக்குல சேருதோ அவர்தான் முதலாளி. நமக்கு வர்றது வெறும் பங்குதான். அவர் பாக்கலாம், நம்மளை எடுத்தும் விடலாம். எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டுல இப்படித்தான் நடந்துச்சு. மாட்டின பையன் வேற ஊருக்குப் போயிட்டான், போனை எடுக்கல. எட்டு மாசம் அந்த வீட்டு வாசலும் திண்ணையும் அவன் கணக்குல இருந்துச்சு. அந்தத் திண்ணையிலதான் அவங்க மகளும் மகளோட சிநேகிதிகளும் உட்கார்ந்து படிப்பாங்க. கடைசியில வேற ஒருத்தரைக் கூப்பிட்டு, பெட்டியைப் புதுசு மாதிரி ஆக்கி, அந்த அக்கா பேர்ல கணக்கு தொடங்கிச் சேர்த்தோம். அவன் பாத்தானா, பாக்கலையா, யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கிறதுதான் அந்த அக்காவுக்கு ராத்திரி தூக்கம் கெட்டதுக்குக் காரணம்.

அதனால வேலை முடிஞ்சு காசு கொடுக்கிறதுக்கு முன்னாலயே, நம்ம போன்ல, நம்ம நம்பர்ல கணக்கு தொடங்கச் சொல்லணும். பெட்டியோட பாஸ்வேர்டை நாமே தட்டணும், தட்டும்போது அவரைத் திரும்பி நிக்கச் சொல்லணும். கூச்சப்படாதீங்க. ஏடிஎம்ல செய்யறதுதானே. பெட்டியோட வந்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீங்க. 2016ல மிராய்ன்னு ஒரு கெட்ட நிரல், இப்படி மாத்தாம விட்ட கேமராவையும் பதிவுப் பெட்டியையும் உலகம் பூரா லட்சக்கணக்குல பிடிச்சு, அமெரிக்காவில பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கி வெச்சுச்சு. நம்ம வீட்டுப் பெட்டியை யார் தேடப் போறாங்கன்னு நினைக்கக் கூடாது. அதைத் தேடுறது ஆள் இல்ல, கம்ப்யூட்டர்.

கேமரா எதைப் பாக்குதுங்கிறதும் நம்ம பொறுப்பு. ஒரு வீட்டுல மாடியில மாட்டின கேமராவில, பக்கத்து வீட்டுக் கீத்து மறைப்புக்குள்ள குளிக்கிற இடம் தெரிஞ்சுது. கெட்ட எண்ணம் இல்ல, கோணம் அப்படி. நம்ம உறுப்பினர் ஒருத்தர் டிவியில பாத்துட்டுச் சொன்னதால திருப்பி மாட்டினாங்க. திருப்ப முடியலைன்னா, செட்டிங்குல அந்தப் பகுதியை மட்டும் கறுப்பா மறைக்கவும் வழி இருக்குது. வேணும்னே பாக்கிறவங்களுக்குச் சட்டம் இருக்குது. பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவுப்படி, பொம்பளைங்க மறைவுல இருக்கிறதைப் பாத்தாலோ படம் பிடிச்சாலோ முதல் தடவைக்கே ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். கேக்கிறதுக்கு ஆள் இல்லைன்னா 181க்கு போன் பண்ணுங்க.

வீட்டுக்குள்ள கேமரா வைக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன், மேனேஜர் சார் தப்பா நினைக்க மாட்டார். வெளிநாட்டுல, வெளியூர்ல இருக்கிற ஆம்பளைங்க சமையல்கட்டு, கூடத்துக்குக் கேமரா வைக்கச் சொல்றாங்க. பெரியவங்க விழுந்துடுவாங்களோன்னு பயந்து வெச்சா நியாயம் இருக்குது. மருமக யார்கூட பேசுறான்னு பாக்க வெச்சா, அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்ல. எது எப்படின்னாலும், அங்க தினம் புழங்குறவ சம்மதிச்ச பிறகுதான் ஆணி அடிக்கணும்.

மாட்டுற வேலைக்கே நாம ஏன் போகக் கூடாது? பொம்பளை மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு பொம்பளை வந்து மாட்டினா எவ்வளவு நிம்மதி. மாவட்டத்துல வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல சிசிடிவி பொருத்துற பயிற்சி உண்டு. கட்டணம் இல்ல. ஏணியில ஏறணும், சுவத்துல டிரில் போடணும், வயர் முனை கட்டணும். களத்து மேட்டுல போர் அடுக்கின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? எங்க குழுவில ரெண்டு பேர் பேர் கொடுத்திருக்கோம், அதுல ஒருத்தி நான். அடுத்த பயிற்சி எப்பன்னு சாப்பாட்டுக்கு முன்னால மேனேஜர் சாரைக் கேட்டுச் சொல்றேன். சேர விரும்புறவங்க ஊக்குநர் அக்காகிட்ட இப்பவே பேரை எழுதிக் கொடுங்க.